சாணத்துக்குக் கம்பளி போர்த்திய வருஷம்

1

சென்ற மாதம் எங்கள் தோட்டத்து மண்டபத்தில் ஒரு கூட்டம் போட்டார்கள். சுகாதார அதிகாரி அம்மையார் ஒருவர் காரில் வந்திருந்தார். சுவரில் வெள்ளைத் துணி கட்டி, வீட்டில் நலமாக வாழ்வது எப்படி என்று ஒவ்வொரு படமாகக் காட்டினார். சன்னலைத் திறந்து வையுங்கள். காய்கறித் தோலைச் சாக்கடையில் கொட்டாமல் மண்ணில் புதையுங்கள். வீட்டுக்குப் பின்னால் கீரை போடுங்கள். அவர் மலாயில் சொல்லச் சொல்ல, எங்கள் ஆபீஸ் குமாஸ்தாவான கிராணி அதைத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார்.

கடைசிப் படத்தில் ஒரு பெண் விறகடுப்பின் முன்னால் உட்கார்ந்து கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தாள். "அடுப்புப் புகை புள்ளைங்க நெஞ்சுக்கு ஆகாதாம்" என்றார் கிராணி.

பக்கத்தில் இருந்த பாக்கியம் முழங்கையால் என் விலாவில் ஓர் இடி இடித்தாள். பாக்கியம் எனக்கு அடுத்த வீட்டுக்காரி. தேயிலைக் கொழுந்து கிள்ளுகிறவள். ஒரு சரிவில் நின்று எதிர்ச் சரிவில் இருப்பவளிடம் குடும்ப விஷயம் பேசியே பழகிய தொண்டை. பேச்சின் நடுநடுவே எங்கள் மலேசிய 'லா' வந்து விழும்.

"இதச் சொல்றதுக்கா லா இம்புட்டுத் தூரம் கார்ல வந்தாங்க? நம்மகிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா நாமளே லோரி புடிச்சுப் போயி சொல்லிட்டு வந்திருப்போமே!"

மண்டபமே சிரித்தது. அம்மையார் என்னவென்று விசாரித்தார். கிராணி கொஞ்சமும் யோசிக்காமல், "உங்களுக்கு நன்றி சொல்கிறார்" என்று மலாயில் சொல்லிவிட்டார். அம்மையார் பாக்கியத்தைப் பார்த்துத் தலை தாழ்த்தினார். பாக்கியமும் பெருந்தன்மையோடு அதை ஏற்றுக்கொண்டாள்.

அவள் அப்படிச் சொன்னதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. ஊரில் இருக்கும் உங்களுக்கு அதை எழுதாமல் இத்தனை நாள் இருந்ததே ஆச்சரியம்.

நான் மன்னார்குடிப் பக்கத்துக்காரி. எழுபதுகளின் தொடக்கத்தில் கழுத்தில் புதுத் தாலியோடு நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி, பினாங்கில் இறங்கி, தாப்பாவிலிருந்து மலையேறும் பஸ்ஸில் வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்துக்கொண்டு கேமரன் மலைக்கு வந்து சேர்ந்தேன். மலேசியா என்றால் ரப்பர் மரமும் புழுக்கமும் என்றுதான் எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். அம்மா மெல்லிய வாயில் புடவைகளாகப் பார்த்துப் பெட்டியில் அடுக்கியிருந்தாள். வந்து இறங்கிய அன்றே அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றிக்கொண்டு, மூட்டை மாதிரி மூலையில் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் காலையில் பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "பசியாறியாச்சா?" என்று கேட்டாள். இந்த ஊர்த் தமிழில் அதற்குக் காலைப் பலகாரம் ஆயிற்றா என்று பொருள். எனக்கு அது தெரியாது. நான் பசியோடு கிடப்பதை இவள் எப்படிக் கண்டுபிடித்தாள் என்று அழுதேவிட்டேன். அவள்தான் பாக்கியம். அன்றிலிருந்து அவள் வாயில் நான் இந்தியாக்காரி.

மலாய் அதைவிடக் கஷ்டம். பக்கத்து ஊரான ரிங்லெட்டில் சீனர் கடைக்கு உப்பு வாங்கப் போனேன். கடைக்காரர், "அப்பா மாவு?" என்றார். அப்பா ஊரில் இருக்கிறார், மாவு வேண்டாம், உப்புதான் வேண்டும் என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். அவர் கேட்டது 'என்ன வேண்டும்' என்று. நான் சொன்னதில் அவருக்குப் புரிந்தது 'மாவு' மட்டும். மலாயில் அதற்கு 'வேண்டும்' என்று அர்த்தம். வேண்டும் வேண்டும் என்று ஒருத்தி வாசலில் நின்று கெஞ்சுகிறாளே என்று பதறி, அவர் கடையிலிருந்த சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். உப்பு கடைசியாக வந்தது.

2

என் வீட்டுக்காரர் இங்கேயே பிறந்தவர். தேயிலை ஃபேக்டரியில் ஃபிட்டர். தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் லயத்தில் கடைசி வீடு எங்களுக்கு. எங்கள் சமையற்கட்டுக்கும் பாக்கியத்தின் சமையற்கட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அவளுக்கு மூன்று மாடு, எனக்கு இரண்டு. பால் கறந்து நாலு வீட்டுக்கு ஊற்றுவது என் வேலை.

இந்த மலையில் விறகு காயாது. பாதி நாள் மழை, மீதி நாள் பனிமூட்டம். அடுப்பில் வைத்தால் விறகு எரியாது, அழும். குளிருக்குப் பயந்து சன்னலை அடைத்து வைப்பதால் அந்தப் புகை வீட்டைவிட்டு வெளியேறவும் வழி கிடையாது. நான் சன்னலைத் திறப்பேன். வேலையிலிருந்து வந்ததும் அவர் சாத்துவார். நான் திறப்பேன். அவர் ஒரு துண்டை எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டு சாத்துவார். எங்கள் குடும்பச் சண்டைகள் பாதிக்கு மேல் அந்தச் சன்னலைப் பற்றித்தான்.

பெரியவர்கள் நாங்கள் இருமிக்கொண்டே பழகிவிட்டோம். எங்கள் ஒரே மகள் வசந்தியால் முடியவில்லை. ஆரம்பப் பள்ளியில் இருந்தபோதே அவளுக்கு இளைப்பு வந்துவிட்டது. மழை மாதம் வந்தால், குழந்தை மூச்சு வாங்குவது பாக்கியம் வீட்டுக்குக்கூடக் கேட்கும். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரசர் ஒருநாள் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"மருந்து நான் குடுக்குறேன்மா. ஆனா நீ மூணு வேளையும் புள்ளைக்குப் புகையக் குடுக்குற. ஒண்ணு அடுப்ப மாத்து. இல்லாட்டி புள்ளைய எடம் மாத்து."

மண்ணெண்ணெய் அடுப்பைப் பற்றிக் கேட்டேன். அந்த வாடையும் ஆகாது என்றார். சிலிண்டர் கேஸ் அப்போது தோட்ட மேனேஜரான துரையின் பங்களாவில் மட்டும்தான் இருந்தது. எங்கள் லயத்துக்கு அதைக் கொண்டுவந்து போடுவாரும் இல்லை, வாங்கும் சக்தியும் எங்களுக்கு இல்லை.

பிள்ளையை இடம் மாற்ற ஆள் தயாராக இருந்தது. மலைக்குக் கீழே ஈப்போவில் என் நாத்தனார். எனக்கு அவர் அண்ணி, வசந்திக்கு அத்தை. பிள்ளை இல்லாதவர். அவர் உடனே சொல்லியனுப்பினார்: "புது வருஷப் பள்ளிக்கூடம் தொறக்கறதுக்குள்ள புள்ளைய இங்க கொண்டாந்து விட்ருங்க. நா வளக்குறேன்." இங்கே பள்ளி திறப்பது ஜனவரியில். நல்ல மனசுதான். ஆனால் 'வளர்க்கிறேன்' என்ற அந்த ஒரு சொல் என் நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிட்டது. அப்படியானால் நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன்?

3

அந்த வருஷம்தான், கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவையாக நான் ஊருக்கு வந்தேன். என் அண்ணன் மாட்டுக்கொட்டகைக்குப் பக்கத்தில் சாண எரிவாயுக் கலம் கட்டியிருந்தார். சாணத்தைக் கரைத்துக் கிணறு மாதிரி ஒரு தொட்டியில் விட்டு, மேலே ஒரு இரும்பு டிரம்மைக் கவிழ்த்து வைத்திருந்தார். உள்ளே வாயு சேரச் சேர டிரம் மேலே எழும். அங்கிருந்து குழாய் நேராகச் சமையற்கட்டுக்கு. அண்ணன் ஒரு பூசாரி மாதிரி தீக்குச்சியைக் கிழித்து வைத்தார். புகை இல்லை, கரி இல்லை, நீலமாக ஒரு தீ. புகையே இல்லாமல் அடுப்படியில் என் கண் கலங்கியது அன்றைக்குத்தான்.

உங்களுக்கெல்லாம் அது அப்போது பழகிய சங்கதி. நான் தோடு வாங்கப் போனவள், அண்ணனிடம் தொட்டியின் அகலம் ஆழமெல்லாம் கேட்டு மனப்பாடம் செய்துகொண்டு மலைக்குத் திரும்பினேன்.

"சாணியில கேஸா?" என்றார் என் வீட்டுக்காரர்.

"எங்க அண்ணன் வீட்ல எரியுதுங்க. கண்ணால பாத்துட்டு வர்றேன்."

"ஒங்க அண்ணன் சொன்னா மழைகூட எரியும்."

ஆனாலும் ஃபிட்டர் ஃபிட்டர்தானே. மறுநாள் சாப்பிட உட்கார்ந்தவர், சோற்றில் விரலால் வட்டம் போட்டு, "அந்த டிரம்மு சாயாம எப்படி நிக்குது?" என்று கேட்டார். இவர் விழுந்துவிட்டார் என்று தெரிந்துகொண்டேன்.

அடுத்தது ஆபீஸ் அனுமதி. தோட்டத்தில் ஒரு கோழிக்கூடு கட்டவும் துரை கையெழுத்து வேண்டும். கிராணி ஃபைலைப் புரட்டிப் பார்த்தார். மாட்டுக்கொட்டகை உண்டு, கோழிக்கூடு உண்டு, சாமி மேடைகூட உண்டு. கேஸ் என்று ஒன்று இல்லை.

"எந்த எடத்துல இத எழுதுறதுன்னு தெரியலையே, தங்கச்சி. கேஸுன்னு எழுதுனா தொர பயந்துருவாரு. சாணின்னு எழுதுனா சிரிப்பாரு."

கடைசியில் 'மாட்டுக்கொட்டகை நீட்டிப்பு' என்று எழுதினார். துரை, பேர்தான் துரையே தவிர கோலாலம்பூரில் படித்த நம் ஆள், "எவ்வளவு நீளம்?" என்று கேட்டாராம். "நீளம் இல்லிங்க, ஆழம்" என்றாராம் கிராணி. அவரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

4

மழைக்கு முன்பே கிணறு வெட்டிச் செங்கல் கட்டி முடித்தோம். ஃபேக்டரியில் கழித்துப் போட்ட தகரத்தையும் இரும்பையும் அனுமதியோடு வாங்கி வந்து, என் வீட்டுக்காரர் டிரம்மைப் பற்றவைத்தார். குழாயில் துளை போட்டு வட்டமாக ஓர் அடுப்பும் செய்தார். என் மாட்டுச் சாணம் போதாது என்று பாக்கியத்திடம் கேட்டேன்.

"எடுத்துக்க லா. ஆனா ஊருக்குள்ள யாருகிட்டயும் எங்கிட்ட வாங்குனேன்னு சொல்லாத. எம்பேரு கெட்டுப் போயிரும்."

கரைத்து ஊற்றினேன். அண்ணன் வீட்டில் மூன்று வாரத்தில் டிரம் எழுந்ததாம். இங்கே அந்த மூன்று வாரமும் போயிற்று, அதற்கு மேலும் போயிற்று. டிரம் அசையவில்லை. காலைப் பெரட்டில் ஆள் கணக்கு எடுக்கும்போதே பெண்கள் விசாரிப்பார்கள்: "இந்தியாக்காரி கேஸு பொறந்துருச்சா?" "இன்னும் இல்லக்கா. நெறமாசம்."

காரணம் பிறகுதான் உறைத்தது. மன்னார்குடி வெயிலில் சாணம் தானாகப் பொங்கும். இந்தக் குளிரில் அதுவும் நம்மைப் போலக் கையைக் காலை மடக்கிக்கொண்டு படுத்துவிட்டது.

சரி, சூடு காட்டுவோம் என்று வெந்நீரில் சாணத்தைக் கரைக்க ஆரம்பித்தேன். இரண்டு நாள் பார்த்துவிட்டு என் வீட்டுக்காரர் அடுப்படிக்கு வந்து நின்றார்.

"இந்தத் தண்ணியச் சுட வைக்க என்னத்த எரிக்கிற?"

"வெறகுதான்."

"வெறகு எரிக்காம இருக்கறதுக்குத்தானே இம்புட்டும்?"

நான் அடுத்த பானையை ஏற்றினேன். மறுநாள் அவருடைய கம்பளியை எடுத்துக் கொண்டுபோய் டிரம்மைச் சுற்றிக் கட்டினேன். அன்று மழையில் நனைந்து வந்தவர் கம்பளியைத் தேடினார். கொல்லைப்புறம் போய்ப் பார்த்துவிட்டு வந்து, தலையில் கைவைத்து உட்கார்ந்தார். "மனுசனுக்கு இல்ல, சாணிக்குக் கம்பளி" என்று அவர் புலம்பியது சுவருக்கு அப்பால் பாக்கியத்துக்குக் கேட்டு, அங்கிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது. அடுத்த நாளே தோட்டம் முழுக்க அது பரவிவிட்டது.

வசந்திக்குத்தான் மானம் போயிற்று. சாண வாளியோடு நான் எதிரே வந்தால் பள்ளித் தோழிகளோடு பாதையை மாற்றிப் போய்விடுவாள். வீட்டிலும் பாதி மலாயில்தான் பேச்சு. தமிழில் பேசினாலும், "நீங்க பேசுறது இந்தியாத் தமிழும்மா, இங்க யாரும் அப்படிப் பேச மாட்டாங்க" என்று திருத்துவாள். இப்போது பெரியவளாகி விடுதியில் தங்கிப் படிக்கிறாள். தன் தோழிகளிடம் என்னை அறிமுகப்படுத்தும்போது, "அம்மா கொஞ்சம் பழைய தமிழ்" என்று சொல்கிறாள். ஏதோ கோயில் கல்வெட்டைக் காட்டுவதுபோல.

அன்றைக்கு அந்தச் சின்னப் பெண் திருத்தியதற்கெல்லாம் எனக்குக் கோபம் வரவில்லை. பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டது, இன்னும் கொஞ்ச நாளில் அண்ணி வந்து அழைத்துப் போய்விடுவார் என்ற பயம்தான். ஒவ்வொரு நாளும் காலையில் எழுந்ததும் டிரம்மைத்தான் போய்ப் பார்ப்பேன். பனி சொட்டிக்கொண்டு, போர்த்திய கம்பளியோடு, கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்கும்.

5

அந்த நேரம் பார்த்துப் பாக்கியத்தின் மகனைப் பெண் வீட்டார் பார்க்க வருவதாக ஏற்பாடாயிற்று.

"எங்கூட்டுக் கொல்ல வாசல்ல நின்னு பாத்தா நேரா ஒன் சாணிக் கெணறுதான் லா தெரியுது. சம்பந்தி வீட்டு ஆளுங்க என்னா நெனப்பாங்க?"

"என்ன நெனச்சா என்ன? மாப்பிள்ளைய எடைபோட வர்றாங்களா, என் கெணத்தையா?"

அன்று நான் பால் ஊற்றிவிட்டுத் திரும்பி வந்தால், டிரம்மைக் காணோம். பாக்கியம் கொட்டகைக் குப்பை, வெட்டிய புல், ஃபேக்டரியில் கூட்டித் தள்ளிய தேயிலைக் கழிவு எல்லாவற்றையும் கொண்டுவந்து கிணற்றைச் சுற்றி ஆள் உயரத்துக்குக் குவித்துவிட்டாள். அழகுக்காக மேலே செவ்வந்திக் கொத்துகளைக் குத்தி வைத்திருந்தாள். அன்று எங்கள் இரண்டு பேருக்கும் நடந்த சண்டையை எதிர்ச் சரிவில் கொழுந்து கிள்ளியவர்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டு நின்று கேட்டார்கள். குப்பையை அவளே அள்ளட்டும் என்று நான், பூச்சொருகியதற்கு நீதான் நன்றி சொல்ல வேண்டும் என்று அவள். பேச்சு நின்றுபோயிற்று.

பெண் வீட்டார் வந்து, பூக்குவியலைப் பார்த்து, நல்ல பசுமையான வீடு என்று மெச்சிவிட்டுப் போனார்கள்.

சில நாள் கழித்து ஒரு காலை. பாக்கியத்தின் கோழி அந்தக் குப்பையின் உச்சியில் கண்ணை மூடி, சொகுசாகப் படுத்திருந்தது. விரட்டுவதற்காகக் கையை விட்டேன். குப்பை சுட்டது. உள்ளே அழுகிய புல்லும் சருகும் வெந்துகொண்டிருந்தன. குப்பையைக் கிளறிப் பார்த்தால், கம்பளியோடு டிரம் முழ உயரம் எழுந்து நின்றது.

"பாக்கியம்!" என்று நான் போட்ட சத்தத்தில் சண்டை தீர்ந்துவிட்டது. அவள் ஓடிவந்து பார்த்தாள். குப்பைக்குள் கையை விட்டாள். பிறகு இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "எங் குப்பையில்ல!" என்றாள்.

முதலில் சேரும் வாயுவைக் கொளுத்தக்கூடாது, திறந்துவிட்டுவிட வேண்டும் என்று அண்ணன் சொல்லியிருந்தார். அப்படியே செய்தோம். டிரம் இறங்கி, இரண்டாம் தடவை எழுந்தது. அன்று மாலை என் வீட்டுக்காரர் வேலை முடிந்து வந்ததும் பற்றவைப்பதாக இருந்தோம். மதியமே போலீஸ் ஜீப் வந்து நின்றது.

அப்போது காட்டுக்குள் கம்யூனிஸ்ட்காரர்கள் இருந்த காலம். சடக்கு என்று இங்கே சொல்லும் மலை ரோட்டில் போலீஸ் வண்டியை நிறுத்திச் சோதனை போடுவது வழக்கம். ஒரு வீட்டுக்குப் பின்னால் இரும்பு டிரம் புதைத்து, குப்பையால் மறைத்து, மேலே பூவும் சொருகி, குழாய் போட்டிருக்கிறார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். கேட்டால் எனக்கே சந்தேகம் வந்திருக்கும்.

இந்த ஊரில் சார்ஜன் எனப்படும் சார்ஜெண்ட் ஒருவரும் இளம் போலீஸ்காரர் ஒருவரும் இறங்கினார்கள். நான் வேறொன்றும் கேட்காமல் உள்ளே ஓடி என் சிவப்பு அடையாள அட்டையை எடுத்து வந்து நீட்டினேன். இங்கே குடியுரிமை உள்ளவர்களுக்கு நீல அட்டை, என்னைப் போல இருந்துகொள்ளலாம் என்று விடப்பட்டவர்களுக்குச் சிவப்பு. அதைப் பார்த்துவிட்டுச் சார்ஜன் டிரம்மைக் காட்டி ஏதோ கேட்டார். எனக்குத் தெரிந்த மலாய் முழுவதும் மறந்துபோயிற்று. நாடு கடத்திவிடுவார்களோ? கடத்தினால் பிள்ளை?

சார்ஜன் டிரம்மருகே குனிந்து, ஒரு சிகரெட்டை வாயில் வைத்து, லைட்டரை எடுத்தார்.

"ஜாங்ஙான்!" என்று ஒரு கத்தல்.

வேண்டாம் என்று கத்தியவள் வசந்தி. சாண வாளியைக் கண்டாலே பாதை மாறும் என் பெண், குப்பைக்கும் சார்ஜனுக்கும் நடுவில் வந்து நின்றாள். கடகடவென்று மலாயில் பேச ஆரம்பித்தாள். கை, டிரம்மைக் காட்டியது, குழாயைக் காட்டியது, மாட்டைக் காட்டியது, கடைசியில் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டியது. அந்த இடத்தில் மட்டும் எனக்குப் புரிந்தது. தன் இளைப்பைப் பற்றிச் சொல்கிறாள். எனக்காக அம்மா செய்தது என்கிறாள். அவளுக்கு அதெல்லாம் தெரியும் என்றே எனக்கு அதுவரை தெரியாது.

சார்ஜன் சிகரெட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "எரித்துக் காட்டு" என்றார்.

ஃபேக்டரியிலிருந்து யாரோ சொல்லி என் வீட்டுக்காரர் கையில் ஸ்பானரோடு மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். எல்லோரும் சமையற்கட்டில் நெருக்கி நின்றார்கள். குழாயைத் திறந்து தீக்குச்சியைக் கிழித்தேன். கொடகொடவென்று தண்ணீர்ச் சத்தம் மட்டும் வந்தது. மறுபடியும் கிழித்தேன். காற்று. சார்ஜன் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். அவர் ஸ்பானரால் குழாயின் அடியில் ஒரு திருகு திருகித் தேங்கிய தண்ணீரை இறக்கினார். அடுத்த குச்சிக்கு, 'பக்'கென்று ஒரு சத்தம். நீலமாக ஒரு வட்டம் பூத்தது.

 இளம் போலீஸ்காரர்தான் முதலில் கையை நீட்டிக் குளிர் காய்ந்தார்.

எனக்கு வந்த சந்தோஷத்தில் விருந்தாளிகளை உபசரிக்க வேண்டும் என்று தோன்றிவிட்டது. சாணத் தீயில் போட்ட தேநீர் குடியுங்கள் என்று மலாயில் சொல்ல நினைத்தேன். மலாயில் தேநீருக்குத் 'தே'. சாணத்துக்கு 'தாஹி'. பதற்றத்தில் இரண்டும் இடம் மாறிவிட்டன. சார்ஜனைப் பார்த்துக் கைகூப்பி, மிகவும் மரியாதையாக, "துவான், மினும் தாஹி" என்றேன்.

ஐயா, சாணம் குடியுங்கள்.

வசந்தி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். சார்ஜன் என்னையே பார்த்தார். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு, தொப்பி கழன்று விழும்படி சிரித்தார். தேநீரைக் குடித்துவிட்டுத்தான் போனார். போகும்போது வசந்தியின் தலையில் கைவைத்து, கெட்டிக்காரி என்று சொன்னார். சிவப்பு அட்டையை என்னிடம் இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார்.

6

அண்ணி ஈப்போவிலிருந்து வந்தபோது வீட்டில் புகையே இல்லை. நீலத் தீயில் பால் காய்ச்சிக் கொடுத்தேன். டம்ளரை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்து, வைத்துவிட்டார். "எனக்குப் பால் ஒத்துக்காது" என்றார்.

"அண்ணி, பொகதான் இல்லையே. புள்ள இங்கயே இருக்கட்டும்" என்றேன்.

"புள்ளையக் கேளு."

கேட்டேன். வசந்தி தரையைப் பார்த்துக்கொண்டு, "அம்மா, அத்த வீட்ல டிவி இருக்கு" என்றாள்.

 கிணறு வெட்டினேன், சாணத்துக்குக் கம்பளி போர்த்தினேன், போலீஸையே சாணம் குடிக்கச் சொன்னேன். டிவிக்கு எதிராக என்னிடம் ஒன்றும் இல்லை. "போகட்டும் விடு, திரும்பி வரும்" என்றார் என் வீட்டுக்காரர். பள்ளிக்கூடத்தில் மாற்றுச் சான்று வாங்கினோம். காரணம் என்ற இடத்தில் கிளார்க் 'புகை' என்று எழுதினார்.

அவள் போன பிறகு அந்த நீலத் தீயைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. இரண்டே பேருக்கு எவ்வளவு சமைப்பது? வாயு மிஞ்சியது. பாக்கியம் சமயம் பார்த்து, "சாணி எங்க மாட்டுது, குப்ப என்னுது, கேஸு மட்டும் ஒனக்கா?" என்றாள். நியாயம்தான். என் வீட்டுக்காரர் சுவரில் துளை போட்டு அவள் சமையற்கட்டுக்கும் ஒரு குழாய் கொடுத்தார்.

பொங்கலுக்கு முன்னால் ஒருநாள், மதிய பஸ்ஸில் அண்ணி வந்து இறங்கினார். ஒரு கையில் பெட்டி, மறு கையில் வசந்தி. பிள்ளை முன்பைவிட மோசமாக இளைத்துக்கொண்டிருந்தது.

"ஒம் புள்ளைய நீயே வச்சுக்கமா" என்றார் அண்ணி. களைத்து, கோபமும் வருத்தமுமாக. "அங்க கொசு. வத்தி கொளுத்துனா இது இளைக்குது. கொளுத்தலன்னா நாங்க யாரும் தூங்க முடியல. ஒங்க மலையில கொசு இல்லங்கறத யாரும் எனக்குச் சொல்லவே இல்லியே!"

மலையில் புகை, கீழே கொசு. பள்ளிக்கூடத்தில் அதே கிளார்க் காரணம் கேட்டார். சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டு 'கொசு' என்று எழுதினார்.

அன்று குளிர் அதிகம். அண்ணி அடுப்பருகே மணையைப் போட்டு உட்கார்ந்து, கையை நீட்டிக் காய்ந்துகொண்டே, கொடுத்த தேநீரை மோந்து பார்க்காமல் குடித்தார். இன்னொரு டம்ளர் கேட்டார். வசந்தி என் மடியில் தலைவைத்துப் படுத்துக் கிடந்தாள். கொஞ்சம் கொஞ்சமாக இளைப்புச் சத்தம் குறைந்து, நின்றது. அவள் காலையில் என்ன சாப்பிடுவாள், மதியம் என்ன வைப்பது என்று நான் வரிசை போட்டுக்கொண்டே தூங்கிப்போனேன்.

விடிந்ததும் குளித்து, பொட்டு வைத்து, பிள்ளைக்குப் பிடித்ததெல்லாம் சமைக்க வேண்டும் என்று குழாயைத் திறந்தால், தீ வரவில்லை. கொல்லைக்கு ஓடிப் பார்த்தேன். டிரம் அடிவரை இறங்கிக் கிடந்தது. சுவருக்கு அப்பாலிருந்து எண்ணெய் காயும் வாசனை.

"பாக்கியம்! கேஸு பூராத்தையும் என்னடி பண்ணின?"

பாக்கியம் ஒரு பெரிய தட்டோடு வாசலில் வந்து நின்றாள். தட்டு நிறைய வடை.

"புள்ள வந்துருக்கில்ல. அதான் லா சுட்டேன். இந்தா, சூடு ஆறறதுக்குள்ள சாப்புடச் சொல்லு."

வசந்தியும் அவள் அத்தையும் தட்டை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். சோற்றுக்கு வழி? கொல்லையில் மூன்று கல்லைக் கூட்டி, ஈர விறகை அடுக்கி, உலையை ஏற்றினேன். விறகு வழக்கம்போல அழுதது. தூறல் வேறு. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஊதிக்கொண்டிருந்தேன். புகை நேராக வீட்டுப் பக்கம் திரும்பியது.

சன்னலில் வசந்தியின் தலை தெரிந்தது. வாய் நிறைய வடை.

"அம்மா, புகை உள்ள வருது!" என்று சொல்லிவிட்டு, சன்னலைப் படாரென்று சாத்தினாள்.